வெயிலுகந்தானின் கயிறு

கீழவைப்பாரை விட்டு நடக்கத் தொடங்கியபோது இன்னும் விடியவில்லை. தருவைக்குளம் தாண்டியபோது வெயில் மண்டையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. சங்கு சுத்தம் செய்யும் கொட்டகையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். செத்த சங்கின் சதை அழுகும் வாடை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதென்றால் நல்லது, அப்படியே இருங்கள். யாரோடும் சண்டை இல்லை. முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றிலும் அந்த வாடை அடித்தது, அவ்வளவுதான். அந்த வயதில் எல்லா வேலைகளையும் நான் இப்படித்தான் விட்டேன். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மாற்றிக் கட்ட ஒரு சாரமும் ஒரு சட்டையும்.

வெயிலை ஒரு வார்த்தைகூடத் திட்டாத ஒரே தூத்துக்குடிக்காரரை அந்த நடையில்தான் சந்தித்தேன். திட்டாதது மட்டுமில்லை. பங்குனி மாதத்து உச்சிப் பொழுதில், உப்பளத்து ஓரத்தில் இருந்துகொண்டு, "இன்னைக்கு வெயில் பத்தாது போலயே" என்று கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உப்பளத்துக்கு இறங்கும் மண்பாதையில் ஒரு டாக்ஸி நின்றது. முகத்தை நேரே சூரியனுக்குக் கொடுத்து, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடியிருந்தார்கள். உள்ளே பனியனோடு ஒரு மனிதர் அவிந்துகொண்டிருந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் கயிறு. அந்தக் கயிறு முன்கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடி வழியாக வெளியே வந்து, பாதையோரம் நின்ற ஓர் உடைமரத்தில் முடிந்திருந்தது.

யாரோ ஆளைக் கட்டிப்போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன்.

"யாருவே உம்மக் கட்டிப்போட்டது?"

கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. "நானேதான் கட்டிக்கிட்டேன். வெயில மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லும்."

"எதுக்குக் கட்டிக்கிட்டீரு?"

"உள்ள மயக்கம் போட்டு விழுந்துட்டேன்னா இழுக்கதுக்கு."

"யாரு இழுப்பா?"

அவர் உடைமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் யோசனையா இருக்கு. மரம் பிடிச்சுக்கிடும். இழுக்காது."

எனக்கு அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. "நான் பிடிக்கேன்" என்றேன்.

"உமக்கு அக்கா தங்கச்சி உண்டா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வேறு ஊரில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் கீழவைப்பாரில் சில மாதம் இருந்தவனுக்கு இதன் அர்த்தம் தெரியும். சங்கு குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் ஒருவர் கையில் இருக்கும். அந்த ஒருவர் அவருடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்கக் கூடாதே என்று நினைக்கிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடமாட்டான். மச்சான் கையில் இல்லாத கயிற்றை நம்பி அந்தக் கரையில் ஒருவரும் முங்குவதில்லை.

இந்த மனிதருக்கும் ஒரு மச்சான் இருந்தார். கூப்பிடு தூரத்தில், உப்பு அள்ளுகிறவர்கள் ஒதுங்கும் ஓலைக் கூரையின் நிழலில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தொம்மை. டாக்ஸி அவருடையது. உள்ளே அவிந்துகொண்டிருந்தவர் தொம்மையின் மனைவி ரோசம்மாளுக்கு அண்ணன். இரண்டு பேருக்கும் பல வருடங்களாகப் பேச்சு இல்லை.

கூரைக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். தொம்மை பானையைக் காட்டிவிட்டு, "அந்தாளுட்டக் கேளும், முள்ளு விழுந்துட்டான்னு" என்றார்.

என்ன முள் என்று தெரியாமலே திரும்பி வந்து கேட்டேன். "இன்னும் விழல. அவருட்ட சொல்லும், காலையில வண்டிய எதுக்குப் புளியமரத்தடியில போட்டாருன்னு. சூடு ஏற லேட்டாவுது."

அங்கே போய்ச் சொன்னேன். "அது புளியமரம் இல்ல, வேப்பமரம்னு சொல்லும்."

இப்படி அந்த உப்பளத்தில் தபால்காரன் வேலை எனக்குக் கிடைத்தது. நடுநடுவே இருவரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் கதை எனக்குப் புரிந்தது.

டாக்ஸியின் முன்பலகையில் மூன்று முள் உண்டு. வேகம் காட்டுவது, பெட்ரோல் காட்டுவது, எஞ்சின் சூடு காட்டுவது. விடியலில் மூன்றும் ஒழுங்காக இருக்கும். வெயில் ஏற ஏற, பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து படுத்துவிடும். எஞ்சின் சூட்டைப் பற்றி எந்த நேரத்தில் தெரிய வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் சொல்லாது. திருச்செந்தூருக்குக் குழந்தைக்கு மொட்டை போடப் போன குடும்பம் பெட்ரோல் தீர்ந்து நடுக்காட்டில் நின்றது. கல்யாணக் கோஷ்டி ஒன்று கயத்தாறில் வண்டி கொதித்து நிற்க, மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இறங்கித் தள்ளினார்.

"கட்டபொம்மனுக்குப் பிறகு கயத்தாத்துல அவ்வளவு சனம் கூடி வேடிக்கை பாத்தது என் வண்டியத்தான்" என்றார் தொம்மை.

மெக்கானிக்குகளிடம் கொண்டுபோகாமல் இல்லை. எல்லாப் பட்டறைகளும் மரநிழலில் இருந்தன. முறை வரும்வரை வண்டி நிழலில் ஆறும். மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் முள் இரண்டும் இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து நிற்பதுபோல எழுந்து நிற்கும். ஒருவர் பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் மிதவையை மாற்றினார். இன்னொருவர் எஞ்சினில் இருக்கும் சூட்டுக் குமிழை மாற்றினார். மறுநாள் உச்சியில் இரண்டு முள்ளும் படுத்தன.

அந்த வண்டியில் ஏற இப்போது ஒருவரும் தயாராக இல்லை. தொம்மைக்குத் தெரிந்த மற்ற ஒரே தொழில் சங்கு குளிப்பது. மறுநாள் காலையில் வள்ளத்துக்கு வருவதாகச் சம்மாட்டியிடம், அதாவது வள்ளத்தின் சொந்தக்காரரிடம், சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய காதில் ஏற்கெனவே ஓட்டை. இனி ஒருதரம் முங்கினால் காது மட்டும் போகாது, ஆளே மேலே வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோசம்மாள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, "நாளைக்கு விடிய அவரு கடலுக்குப் போயிருவாரு. உன்னால ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் கயிற்றை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார்; வண்டியைத் தொம்மை கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிகாரம், ரேடியோ, மீட்டர் எல்லாம் ரிப்பேர் செய்வார். டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் வெயிலுகந்தான். எங்கள் பக்கம் வெயிலுகந்தம்மன் என்று கூரை வேண்டாமென்று வெயிலிலேயே உட்கார்ந்திருக்கும் சாமி உண்டு. அந்த அம்மனுக்குத் தம்பி என்று கிண்டல். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் இருக்க இதென்ன என்று பங்குச் சாமியார் கோபித்துக்கொண்டாராம். "நான் வைக்கல சாமி, டாக்ஸி ஸ்டாண்டுல வச்சது. அங்கன வந்து கேளுங்க" என்று இவர் சொல்ல, சாமியார் அங்கே போய்க் கேட்டுவிட்டு, திரும்பி வரும்போது அவரும் வெயிலுகந்தான் என்றே கூப்பிட்டாராம்.

அவருடைய வைத்திய முறை ஒன்றே ஒன்றுதான். எந்தச் சாமானாக இருந்தாலும் அது எங்கே, எப்போது கெடுகிறதோ, அங்கே அப்போது அதோடு கூட இருப்பது. சும்மா இருக்கிற நேரத்தில் தொடமாட்டார். "நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குவே வைத்தியம்" என்பார்.

ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியின் சுவர்க் கடிகாரம் பகலில் மட்டும் நின்றது. இவர் அதை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், உச்சிவெயிலில் பக்கத்திலேயே படுத்து, ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காதை அதில் வைத்துக்கொண்டார். அடுத்த மாடியில் வற்றல் காயவைத்த அம்மாள், அசையாத மனிதரையும் மூடிய முகத்தையும் பார்த்துவிட்டு அலறியதில் மாதா கோயிலில் துக்கமணி அடித்துவிட்டார்கள். மணிச்சத்தம் கேட்டு இவர் எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு? காலையில நல்லாத்தானே இருந்தாவ எல்லாரும்" என்று கேட்டிருக்கிறார்.

புழுக்கத்தில் மட்டும் கரகரக்கும் ரேடியோ ஒன்று வந்தது. அன்றைக்கு வானம் மூடியிருந்தது. பொறுமை இல்லாமல் தங்கச்சி வீட்டு இட்லிக் கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே ரேடியோவை வைத்து மூடினார். ரேடியோ கடைசியாக ஒருதரம் செருமிவிட்டு அடங்கியது. ரோசம்மாள் கரண்டியோடு தெருமுனைவரை துரத்தினாள். மார்கழியில் அவருக்கு வேலை ஓடாது. முகம் வாடிப்போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருப்பார். ஊரே குளிரில் சிரித்துக்கொண்டிருக்கும்.

சரி, மச்சான்மார் பேசாமல் போனது எதனால்? அதைத்தான் உப்பளத்தில் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

தொம்மை முங்க, வெயிலுகந்தான் கயிறு பிடித்த காலம். ஒருநாள் தொம்மை அடியில் இருக்கும்போது கயிறு அசையாமல் நின்றுவிட்டது. இவர் பயந்துபோய், கீழேயிருந்து சைகை வருமுன்பே இழுத்துவிட்டார். படக்கென்று மேலே வந்ததில் தொம்மைக்குக் காது போயிற்று. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

"கையில வலம்புரி வே. லட்சத்துல ஒண்ணு வலது பக்கமாச் சுழியும்பாங்களே, அது. தொட்டுட்டேன். இந்த விரலு பட்டுட்டு. அந்த நேரம் பாத்து இழுத்துட்டாரு மனுசன்." தேங்காய் அளவுக்குக் கையை வைத்துக் காட்டினார். வெயிலுகந்தான் கணக்குப்படி அந்தச் சங்கு ஆரம்பத்தில் எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்ததாம், வருடா வருடம் வளர்ந்துவருகிறதாம்.

"ஏன்வே இழுத்தீரு?" என்று கார்க் கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டேன்.

"கயிறு பேசல. இழுத்துட்டேன்" என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தது. உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசின. வெயிலுகந்தான் சாவியைத் திருப்பிவிட்டு, என்னை வலப்பக்கக் கண்ணாடி ஓரமாக நிற்கச் சொன்னார். "பெட்ரோல் முள்ளயும் சூட்டு முள்ளயும் பாத்துக்கிட்டே இரியும். அசைஞ்சா கண்ணாடியத் தட்டணும். கண்ண எடுத்துராதீரும்."

பார்த்துக்கொண்டே நின்றேன். பெட்ரோல் முள் பாதியில் நின்றது. பிறகு, தூக்கம் வந்த கிழவர் தலையைச் சாய்ப்பதுபோல மெல்லச் சாய்ந்தது. சூட்டு முள்ளும் கூடவே சாய்ந்தது. தட்டினேன்.

மனிதரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி இருந்தார். "ரெண்டும் ஒண்ணாச் சாவுது, பாத்தீரா. அப்ப டாங்கியிலயும் கோளாறு இல்ல, எஞ்சின்லயும் இல்ல. ரெண்டுக்கும் கரண்டு ஒரே எடத்துல இருந்து வருது. அங்கனதான் நோவு" என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்திவிட்டு, முன்பலகைக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டார். வலது கை பலகைக்குப் பின்னால் துழாவியது. பிறகு அசைவே இல்லை.

பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாமென்றால், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. கயிறு மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே செத்த பாம்பு மாதிரித் தொங்கியது.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் எப்போது திரும்பினார் என்று தெரியாது. பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. தொம்மை மரத்துக் கயிற்றைப் பிடித்தார், காலை மணலில் ஊன்றினார், வள்ளத்தில் நின்று இழுப்பதுபோல முழு உடம்பையும் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

கடலில் இழுத்தால் ஆள் முழுசாக வருவார். கடலுக்குக் கதவு கிடையாது. இங்கே முக்கோணக் கண்ணாடி வழியாக வெயிலுகந்தானின் கை மட்டும் முழங்கைவரை வெளியே வந்து நின்றது. மீதி ஆள் உள்ளே கதவில் மோதி, "யேசுவே" என்றார். தொம்மை விடவில்லை. கயிறும் மச்சானும் அவருக்குப் பழக்கம். சன்னலைப் பற்றிக் கவலைப்பட்டுப் பழக்கமில்லை. மறுபடி இழுத்தார்.

நான் உத்தரவுப்படி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முள்ளும் படக்கென்று எழுந்து நின்றன.

"முள்ளு எந்திச்சிட்டு வே" என்றேன். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. தொம்மை கயிற்றைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, மச்சானைக் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்து, மணலில் போட்டுத் தன் துண்டால் விசிறினார். வெயிலுகந்தான் கண்ணைத் திறந்தார். சுயநினைவு ஒன்றும் போயிருக்கவில்லை. கோபம்தான்.

"என்னத்துக்குவே இழுத்தீரு?"

தொம்மை மூச்சு வாங்கியபடி நின்றார். "கயிறு பேசல. இழுத்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. விசிறிய துண்டு அப்படியே நின்றது. வெயிலுகந்தான் மணலில் கிடந்தபடி அவரைப் பார்த்தார். அப்புறம் வெயிலுகந்தான் வலது கையைத் தூக்கி, ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

"தொட்டுட்டேன் மச்சான். இந்த விரலு பட்டுட்டு. அந்த நேரம் பாத்து இழுத்துட்டீரே."

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டார் தொம்மை.

"தேங்கா அளவு."

தொம்மை மணலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். சிரிப்பும்தான். துண்டால் முகத்தைத் துடைத்தவர் வெகுநேரம் துண்டை எடுக்கவேயில்லை. நான் தண்ணீர்ப் பானையை எடுத்துவரும் சாக்கில் கூரைப் பக்கம் போய்விட்டேன்.

தேங்காய் அளவு என்று அவர் சொன்னது ஒரு சின்னத் தகரப் பெட்டி. தீப்பெட்டி மாதிரி இருக்கும். பாட்டரியிலிருந்து வரும் கரண்டை அளவாக்கி இரண்டு முள்ளுக்கும் கொடுப்பது அதன் வேலை. அதில் ஒயர் சேரும் ஆணி தளர்ந்திருந்தது. குளிரில் இறுகி நிற்கும், சூட்டில் விலகும். தொம்மை இழுத்த இழுப்பில் இவருடைய விரல் அந்த ஆணியைப் பெட்டியோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது, முள் எழுந்துவிட்டது. "நானாத் தேடியிருந்தா இன்னும் அரைமணி நேரம் உள்ள கிடந்திருப்பேன். அதுக்குள்ள அவிஞ்சும் இருப்பேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். உப்பளத்துக்காரர்களின் அடுப்பில் இரும்பைக் காய்ச்சி ஈயம் வைத்தார். தொம்மை பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டார். கை சுட்டும் விடவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடிக்கொண்டு, மூன்று பேரும் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். அப்படியொரு பயணம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் மெதுவாகக் கண்ணாடிக் கைப்பிடியில் கை வைத்தேன். மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "தொடாதீரும்" என்றார்கள். ஊர் எல்லையில் முள் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. நாங்கள்தான் சாய்ந்திருந்தோம்.

ரோசம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஒரே வண்டியிலிருந்து இருவரும் இறங்குவதைப் பார்த்தாள். உள்ளே போய் உலையில் கூடுதலாக அரிசி போட்டாள். அதற்கப்புறம்தான் என்னைக் கவனித்து, "இது யாரு?" என்றாள்.

"வழியில கூட வந்தவரு" என்றார் வெயிலுகந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே போகப்போகிறீர் என்று கேட்டார். பார்க்கணும் என்றேன். சொந்தம் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்டார், சொன்னேன். அவர் பாயை விரித்தார்.

விடிந்ததும் திரேஸ்புரம் கடற்கரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சம்மாட்டி வள்ளத்தருகே நின்று, தொம்மை வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வரமாட்டாரு. வண்டி ஓடுது" என்றார் வெயிலுகந்தான்.

"நல்லாருக்கே ஞாயம். முங்க ஆளு குறைஞ்சுபோச்சு. இருக்கது சூசை ஒருத்தன். அவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானும் இல்ல. புதுத் துறைமுகத்துல வேலைன்னு அந்த மச்சான் நேத்துப் போயிட்டான். நான் வள்ளத்த வச்சு என்ன செய்ய?"

"கயிறு பிடிக்க இவன் இருக்கான்." நேற்றுவரை மரியாதையாகப் பேசியவர் அன்று காலையில்தான் என்னை இவன் என்றார்.

சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். வள்ளத்தில் உட்கார்ந்திருந்த சூசை இன்னும் கவனமாகப் பார்த்தான். அவனுடைய உயிர் அல்லவா.

"எங்கனயோ போற ஆளு கையில கயிறக் குடுக்க முடியுமா வே? இவன் யாருக்கு மச்சான்?"

"எனக்கு" என்றார் வெயிலுகந்தான்.

"ஏலே, உனக்குக் கல்யாணமே ஆகலியே. மச்சான் எங்கன இருந்து வந்தான்?"

"தருவைக்குளம் ரோட்டுல நடந்து வந்தான்" என்றார் அவர், சூரியன் எழும்பும் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே. "கண்ண எடுக்காதன்னா எடுக்கமாட்டான். எனக்குப் பாத்தான். சூசைக்கும் பாப்பான்."

சூசை கயிற்றின் நுனியை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். நான் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போகாத வேலை அது ஒன்றுதான்.